மலைச்சரிவில் ஒரு பட்டறை... கோத்தகிரி சொல்லித்தரும் தண்ணீர்க் கணக்கு!

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குன்னூர் வழியாக ஊட்டிக்கு. மற்றொன்று கோத்தகிரிக்கு. சுற்றுலா வாகனங்களில் பெரும்பாலானவை முதல் சாலையைப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது சாலை கொஞ்சம் அமைதியாக மலையேறுகிறது. சுமார் 33 கிலோமீட்டர் தூரம்தான். அதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது பஸ்.

ஜன்னலோர சீட் கிடைத்தவர்கள் பள்ளத்தாக்கு இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆனால், மலையில் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் பார்க்க வேண்டியது மறுபக்கத்தை. அதாவது, சாலைக்காக வெட்டப்பட்ட மலைப் பக்கத்தை!

அங்கே ஒரு பாடப் புத்தகமே விரிந்து கிடக்கிறது. சில இடங்களில் கருங்கல் தடுப்புச்சுவர். சில இடங்களில் கம்பி வலைக்குள் கற்களை அடுக்கிய சுவர். சுவர்களில் வரிசையாகத் துளைகள், அவற்றிலிருந்து கசியும் தண்ணீர். சாலையின் உள்பக்கமாகவே ஓடிவரும் வடிகால். நடுநடுவே சிவப்பு மண் அப்படியே சரிந்து இறங்கிய தழும்புகள்.

ஓய்வுபெற்ற பிறகு சொந்த ஊரில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை, அதைச் சுற்றி ஒரு தோட்டம் என்று கனவு காணும் மலைக்கிராமத்துக்காரர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களுக்கு வேண்டிய முக்கால்வாசி விஷயங்களை கோத்தகிரி வட்டாரம் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. நின்று பார்க்கத்தான் வேண்டும்.

கைவினைஞர்களின் பெயரில் ஓர் ஊர்

பட்டறைக்கும் இந்த ஊருக்கும் பழைய சொந்தம் உண்டு. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் பழங்குடியினரின் இருப்பிடம் என்ற பொருளில் வந்ததாகச் சொல்லப்படுகிறது. நீலகிரியின் கைவினைஞர்கள் கோத்தர்கள். இரும்பு அடிப்பது, மரவேலை, மண்பாண்டம் என்று எல்லாம் அவர்கள் கைவசம். படகர்களுக்கு உழவுக் கருவிகளும், தோடர்களுக்குக் கத்தி, கோடரிகளும் அவர்களிடமிருந்தே போயின. பணம் பெரிதாகப் புழங்காத காலத்தில் அதற்கு ஈடாகத் தானியமும் நெய்யும் வந்தன.

இந்த மலையில் மனிதர்கள் வீடும் பட்டறையும் போட்டு வாழ்ந்தது வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய கதை அல்ல. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இங்கே வந்து, கண்ணேரிமுக்கு பகுதியில் பங்களா கட்டினார். அந்தக் கட்டடம் இன்று நினைவகமாக இருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, எந்த இடத்தில் வீடு நிற்கும், எந்த இடத்தில் நிற்காது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குச் சாட்சி, ஹட்டி என்று அழைக்கப்படும் படகர் கிராமங்கள். பழைய ஹட்டிகளில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பதில்லை. ஒரே மட்டத்தில், ஒட்டி ஒட்டி, நீளமான வரிசையாக நிற்கின்றன. முன்னால் எல்லோருக்கும் பொதுவான வாசல். வரிசை மலையைக் குறுக்காக வெட்டுவதில்லை, மலையின் மட்டத்தை ஒட்டியே வளைகிறது. இப்படிக் கட்டினால் மண்ணை அதிகம் வெட்டத் தேவையில்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே, பட்டறைக்கான பாதி பிளான் முடிந்துவிடும்.

பத்து சென்ட்... ஒரு கணக்கு

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு தச்சருக்கு மலைச்சரிவில் பத்து சென்ட் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 20 மீட்டருக்கு 20 மீட்டர். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் 6 மீட்டர் உயர வித்தியாசம். அதாவது, 10 மீட்டர் நடந்தால் 3 மீட்டர் இறங்கும் 30 சதவிகிதச் சரிவு.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேஸ்திரிகள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். இரண்டு பேர், இரண்டு குச்சி, ஒரு டேப். அரை நாள் வேலை.

இந்த நிலத்தில் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டறை போட வேண்டும். பின்பக்கம் வடிகாலுக்கும் நடந்து போகவும் 1 மீட்டர் விட வேண்டும்.

பட்டறையின் நீளப் பக்கம் மலையின் மட்டத்தை ஒட்டி, ஹட்டி வீடுகளைப் போல நின்றால், சரிவுக்குள் 5 மீட்டர் போனால் போதும். பின்னால் வெட்டும் உயரம் 1.5 மீட்டர். அதே பட்டறையைத் திருப்பி, நீளப் பக்கத்தை மலைக்குள் நுழைத்தால் 7 மீட்டர் உள்ளே போக வேண்டும். வெட்டும் உயரம் 2.1 மீட்டர் ஆகிவிடும்.

வித்தியாசம் வெறும் 60 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால், வெட்டி எடுக்கும் மண், முதல் முறையில் ஏறத்தாழ 8 யூனிட் என்றால் இரண்டாவது முறையில் 10 யூனிட்டுக்கு மேல்! 1.5 மீட்டர் சுவரை அனுபவமுள்ள மேஸ்திரி நல்லபடியாகக் கட்டிவிடுவார். அதைத் தாண்டினால் இன்ஜினீயரின் கணக்கு இல்லாமல் கை வைக்கவே கூடாது. சுவரின் உயரம் கூடக் கூட மண் அதைத் தள்ளும் விசை பல மடங்காகும். உயரம் இரண்டு மடங்கானால், விசை நான்கு மடங்கு.

கட்டடத்தைத் திருப்பி வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பேப்பரில் இருக்கும்போதே திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டிய மண் எங்கே போகும்?

மலையில் பலரும் சறுக்குவது இந்தக் கேள்வியில்தான். வெட்டிய மண்ணை அப்படியே கீழே தள்ளிவிட்டு, "இடம் பெரிதாகிவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த மண்ணுக்குப் பிடிமானமே கிடையாது. அடுத்த பெருமழையில் அது கீழ் வீட்டுக்காரரின் கூரை மேல் போய் உட்காரும்.

வெட்டிய பக்கம் கெட்டித் தரை, கொட்டிய பக்கம் இளம் தரை. கட்டடம் பாதி இதிலும் பாதி அதிலுமாக நின்றால், கொட்டிய பக்கம் மெல்ல மெல்ல இறங்கி, சுவரில் விரிசல் விழும். அதனால் ரம்ப மேஜை, இழைப்பு மெஷின் போன்ற கனமான, அதிர்கிற சாமான்கள் எல்லாம் வெட்டிய கெட்டித் தரையில்தான் இருக்க வேண்டும். கொட்டிய மண்ணைச் சின்னச் சின்ன படிகளாக்கி, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி, தோட்டமாக்கிக்கொள்ளலாம். கீரைக்கும் பீன்ஸுக்கும் கொஞ்சம் இறங்கும் தரை பிரச்னையே இல்லை.

வெட்டும் மண்ணைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. பட்டறையின் கீழ்ப்பாதியைத் தூண்கள் மேல் நிறுத்தி, பலகைத் தளம் போடலாம். மெஷின் பின்னால் கெட்டித் தரையில், வேலை மேஜையும் மர அடுக்கும் முன்னால் பலகைத் தளத்தில். கீழே கிடைக்கும் நிழலான இடம் விறகு வைக்கவும் சைக்கிள் நிறுத்தவும் ஆகும்.

ஒரு கூரையில் மூவாயிரம் லிட்டர்!

இனிதான் முக்கியமான கணக்கு.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். தாழ்வாரத்தோடு சேர்த்து பட்டறைக் கூரை 30 சதுர மீட்டர் என்றால், ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது 3,000 லிட்டர் தண்ணீர் கூரையிலிருந்து இறங்கும். முன்பு இந்தத் தண்ணீர் புல்லிலும் புதரிலும் பரவலாக விழுந்தது. இப்போது ஒரே ஓரத்தில் கொட்டுகிறது.

100 மில்லிமீட்டர் எல்லாம் மலையில் பெரிய அதிசயம் இல்லை. நீலகிரியின் மேற்குப் பக்கம் இருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அந்த மழை இந்த 30 சதுர மீட்டர் கூரையில் பெய்திருந்தால், 24,600 லிட்டர். இரண்டு பெரிய தண்ணீர் லாரி!

கோத்தகிரி கிழக்குப் பக்கம் இருப்பதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே கை ஓங்கி நிற்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த தொடர்மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பலர், வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். 1993 நவம்பரில் குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே நடந்த மண்சரிவை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

காய்ந்த மண் மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் குடித்த மண்ணுக்கு எடையும் கூடும், வழுக்கலும் கூடும். நீலகிரியின் ஆழமான சிவப்பு மண்ணுக்கு இது இன்னும் பொருந்தும். பாறைக்கு மேலே கனமாகப் படிந்திருக்கும் அந்த மண், ஒரு அளவுக்கு மேல் நனைந்தால் மொத்தமாக நகர்ந்துவிடும்.

எனவே, அஸ்திவாரத்துக்கு முன்பு தோண்ட வேண்டியது வடிகால். பட்டறைக்கு மேல் பக்கம், வெட்டிய விளிம்புக்குச் சற்று மேலே, மலையிலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிவிடும் ஒரு வாய்க்கால். பட்டறையின் பின்சுவரை ஒட்டி இன்னொன்று. கூரைத் தண்ணீருக்கு பி.வி.சி. குழாயும் தொட்டியும். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரும் குழாயிலேயே இறங்கி, ஏற்கெனவே இருக்கும் ஓடையில் சேர வேண்டும். சரிவில் திறந்துவிடக் கூடாது.

சமவெளியில் நல்லது என்று சொல்லப்படும் ஒரு விஷயம் இங்கே ஆபத்தாகலாம். அது, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி. செங்குத்தான சரிவின் விளிம்பிலோ, தடுப்புச்சுவருக்குப் பின்னாலோ அப்படிக் குழி தோண்டினால், நாமே மண்ணுக்குத் தண்ணீர் ஊட்டிச் சரிய வைப்பதுபோல ஆகிவிடும். கழிவறைக் குழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

துளை இல்லாத சுவர், உடையக் காத்திருக்கும் சுவர்

சாலையோரச் சுவர்களில் பார்த்த துளைகளுக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். தடுப்புச்சுவரைத் தள்ளி விழுத்துவது பெரும்பாலும் மண் மட்டும் அல்ல, சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்.

நல்ல தடுப்புச்சுவர் மலைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அடியில் அகலமாகவும், மேலே போகப் போகக் குறுகியும் இருக்கும். 1.5 மீட்டர் உயரக் கருங்கல் சுவருக்கு அடி அகலம் முக்கால் மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை தேவைப்படும். பின்னால் மண்ணை நேரடியாகத் தள்ளாமல், ஒரு அடி கனத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். துளைகள் மண் அடைக்காமல் இருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்பு பார்க்க வேண்டும். சிமென்ட் பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டும் பழைய சுவர்கள் பல காலம் தாண்டி நிற்பதற்கு, அவை தண்ணீரை இடுக்கு வழியாக வெளியே விட்டுவிடுவதும் ஒரு காரணம்.

பனியும் துருவும்

இடம் தயார். இனி பட்டறை.

முதல் கேள்வி, வண்டி எங்கே நிற்கும்? மரப்பலகை ஏற்றி வரும் ஜீப் மேலே நிற்குமா, கீழேயா? பட்டறை அந்த மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதுகூடப் பரவாயில்லை. செய்து முடித்த பீரோவைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை நினைத்துப் பாருங்கள்!

இரண்டாவது, நீளம். எட்டு அடிப் பலகையை ரம்பத்தில் கொடுத்தால், ரம்பத்துக்கு முன்னால் எட்டு அடி, பின்னால் எட்டு அடி இடம் வேண்டும். 6 மீட்டர் அறையில் இது நடக்கும். இன்னும் நீளமான மரம் வந்தால்? ரம்பத்துக்கு நேராக ஒரு ஜன்னலோ கதவோ வைத்துவிட்டால், மரம் வெளியே நீட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, ஈரம். கோத்தகிரியில் மதியமே பனிமூட்டம் கூரை மேல் வந்து உட்கார்ந்துவிடும். உளி, இழைப்புளி எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். மரமும் ஈரத்தை இழுத்து உப்பும். தரையை ஒரு அடியாவது உயர்த்தி, கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத் தளம் போடுவது, மரத்தைச் சுவரில் ஒட்டாமல் சட்டங்களின் மேல் அடுக்குவது, எதிரெதிராக ஜன்னல் வைப்பது, கருவிகளுக்கு எண்ணெய் தடவி மூடியுள்ள பெட்டியில் வைப்பது... எல்லாம் சின்ன வேலைதான். செய்யாவிட்டால், தை மாதம் செய்த கதவு ஐப்பசியில் மூடாது.

நான்காவது, சத்தம். பள்ளத்தாக்கில் ரம்பத்தின் சத்தம் எதிர் மலை வரை கேட்கும். மெஷின் இருக்கும் பக்கம் சுவரும், கதவு மலையைப் பார்த்தும் இருந்தால் அக்கம்பக்கத்தோடு சண்டை வராது.

மண்ணைப் பிடிக்கும் தோட்டம்

தோட்டம் என்பது இங்கே அழகுக்கு மட்டும் அல்ல, மண்ணைப் பிடித்து வைக்கவும்தான்.

ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் மலைச்சரிவு விவசாயத்தைப் பற்றித்தான் ஆராய்கிறது. நீலகிரியின் உருளைக்கிழங்கு, கேரட் வயல்களில் படிப்படியாகத் தெரியும் மேடைகளைக் கூர்ந்து பார்த்தால், பல மேடைகள் வெளிப்பக்கம் சாயாமல் மலைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். மழைநீர் உள்பக்கமாக ஒதுங்கி, வாய்க்காலில் மெதுவாகப் போய்விடும். விளிம்பு அறுபடாது. சுமார் 33 சதவிகிதச் சரிவு வரைதான் இந்த மேடை முறை சரிப்படும். அதற்கு மேல் போனால், மண்ணைக் கிளறாமல் மரமோ புல்லோ நடுவதுதான் புத்திசாலித்தனம்.

மேடைகளின் விளிம்பில் வெட்டிவேரை மட்டத்தை ஒட்டி, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நட்டால், அதன் வேர் நேராகக் கீழே இரண்டு, மூன்று மீட்டர் வரை இறங்கும். உறைபனி அதிகம் விழும் பள்ளங்களுக்கு மட்டும் அது ஒத்துவராது. தேயிலைத் தோட்டங்களில் மண் அரிப்பைத் தடுக்க குவாட்டமாலா புல்லும் நடுகிறார்கள். நீலகிரியின் சில சாலைகளில் சரிவுக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, மேலே புல் வளர்க்கும் வேலையை நெடுஞ்சாலைத்துறை செய்திருக்கிறது.

ஊர்க்காரச் செடிகளுக்கும் இடம் கொடுக்கலாம். தவிட்டுப்பழச் செடியும் மலை நாவலும் பறவைகளையும் கூட்டி வரும், மண்ணையும் பிடிக்கும். வீட்டுக்கு நேர் மேலே நெடுநெடுவென வளரும் மரங்களை மட்டும் தவிர்க்கலாம். காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்தால், ஒரு லாரி மண்ணும் அதோடு வரும்.

அனுமதி யாரிடம்?

சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும், மலையில் நினைத்தபடி செய்துவிட முடியாது. நீலகிரியில் ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களை மண் வேலைக்கு இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. கட்டடத்துக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான ‘ஹாகா’ விதிகளுக்குள் வரும் கிராமமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மரம் வெட்டுவதற்கு 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலத்து மரத்துக்கும் அது பொருந்தும்.

"இத்தனை கெடுபிடியா?" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒருவர் மேலே வெட்டுவதன் விலையைக் கீழே இருப்பவர் கொடுக்க நேர்வதால்தான் இத்தனை விதிகள்.

இதையெல்லாம் கவனியுங்கள்!

நிலம் பார்க்கப் போகும்போதும், கட்டிய பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு.

* தரையில், அதுவும் சரிவுக்குக் குறுக்காக, புதிதாக விழும் விரிசல்
* சாய ஆரம்பிக்கும் மின்கம்பம், வேலிக்கல், மரம்
* இதுவரை இல்லாத இடத்தில் திடீரென ஊறும் தண்ணீர்
* தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று கலங்கலாக மாறுவது
* வயிறு தள்ளியதுபோலப் புடைக்கும் தடுப்புச்சுவர்
* திடீரெனச் சிக்கிக்கொள்ளும் கதவு, ஜன்னல்

மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும், சாமான்களைப் பற்றி யோசிக்காமல் வெளியேறி, கீழ் வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவிட்டு, வருவாய்த்துறைக்கோ தீயணைப்புத்துறைக்கோ தகவல் கொடுக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி மூன்று ஊர்களிலிருந்தும் பஸ் வசதி இருக்கிறது. மலை ரயில் இந்த ஊருக்கு வராது, குன்னூரில் இறங்கி பஸ் பிடிக்கலாம். வெளியூர் வாகனத்தில் நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி, சல்லிவன் நினைவகம் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சுற்றிப் பார்க்க ஏப்ரல், மே மாதங்கள் இதமாக இருக்கும். நிலம் வாங்குபவர்களும் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறார்கள். வெயிலில் எல்லாச் சரிவும் அழகு, எல்லா மண்ணும் கெட்டி. நிலத்தின் உண்மையான குணம் தெரிவது ஐப்பசியில்தான். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மண்சரிவு எச்சரிக்கை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குடையோடு போய் ஒருமுறை பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாகப் போகிறது என்று ஒரு பேப்பரில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோடுகள் போக மிச்சம் இருக்கும் இடம்தான் பட்டறைக்கு. அது பத்து சென்ட்டில் இரண்டு சென்ட்டாக இருந்தாலும் போதும். உள்ளே நிம்மதியாக இழைப்புளி பிடிக்கலாம், கீழ் வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.